யாராலும் ஊகிக்க முடியாத எண்: நோட் ஜேஎஸ் சர்வரில் பாதுகாப்பான ரேண்டம் மதிப்புகள்

ஒருவர் தன் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார். அதற்கான பொத்தானை அழுத்தியதும் உங்கள் சர்வர் ஒரு நீளமான இணைப்பை உருவாக்கி அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. அந்த இணைப்பின் கடைசியில் பொருள் இல்லாத எழுத்துகளாக ஒரு சரம் இருக்கும். அதுதான் டோக்கன். அதைக் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் அவரே கணக்கின் சொந்தக்காரர் என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். வேறு எந்தச் சான்றும் கேட்காது. அதாவது அந்தச் சில நிமிடங்களுக்கு டோக்கன்தான் பாஸ்வேர்ட்.

இப்போது தாக்குபவரின் பக்கம் போய்ப் பாருங்கள். அவருக்கும் அதே தளத்தில் ஒரு கணக்கு உண்டு. தன் கணக்குக்கே நாலைந்து முறை பாஸ்வேர்ட் மாற்றக் கேட்கிறார். நாலைந்து டோக்கன்கள் அவருடைய அஞ்சல்பெட்டிக்கு வந்து சேருகின்றன. உடனே, இன்னொருவருடைய மின்னஞ்சல் முகவரியைப் போட்டு அதே பொத்தானை அழுத்துகிறார். அந்த டோக்கன் அவருக்கு வராது, உரியவருக்குத்தான் போகும். ஆனால் முதலில் கிடைத்த டோக்கன்களை வைத்து அடுத்த டோக்கன் என்ன என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடிந்தால்? அவருக்கு அஞ்சலே தேவையில்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியதுதான். ஒரு மதிப்பு பார்வைக்குத் தாறுமாறாக இருக்கிறதா என்பது பாதுகாப்பில் பெரிய விஷயமே இல்லை. இதற்கு முன் வந்தவை எல்லாம் ஒருவர் கையில் இருந்தாலும், அடுத்து வருவதை அவரால் சொல்ல முடியுமா? அதைத்தான் கேட்க வேண்டும்.

மேத்.ரேண்டம் எங்கே தவறுகிறது

ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதலில் சந்திப்பது மேத்.ரேண்டம். அழைத்தால் 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு தசம எண்ணைத் தரும். 0 வரலாம், 1 வராது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதில் ஓர் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இதையே 36 அடிமான எழுத்தாக மாற்றி, முன்னால் உள்ள சுழியத்தையும் புள்ளியையும் வெட்டிவிட்டு, மீதியை டோக்கனாக வைத்துக்கொள்ளும் ஒற்றை வரி இணையம் முழுக்கப் பரவியிருக்கிறது. சின்ன வரி, எந்த மாட்யூலும் வேண்டாம், உடனே வேலை செய்யும். அதனால்தான் இன்றும் புதிய ப்ராஜெக்ட்களில் அது தலைகாட்டுகிறது.

உள்ளே நடப்பது என்ன? நோட் என்பது ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள். அது ஓடுவது வி8 என்ஜினில்; ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் செயல்படுத்துவது அந்த என்ஜின்தான். வி8, 2015-ஆம் ஆண்டின் கடைசியில் இருந்து எக்ஸ்ஓஆர்ஷிஃப்ட்128+ என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அதன் நினைவில் 64 பிட் எண்கள் இரண்டு இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டையும் கொஞ்சம் இடம் நகர்த்தி, ஒன்றோடொன்று எக்ஸ்ஓஆர் (இரு பிட்கள் வேறானால் 1, ஒன்றானால் 0) செய்து, புதிய இரண்டு எண்களை உண்டாக்கும். அதிலிருந்து உங்களுக்கு ஒரு தசமம் வரும். அவ்வளவுதான். தொடக்கத்தில் அந்த இரண்டு எண்கள் என்னவோ, அதன்பின் வரும் கோடானுகோடி மதிப்புகளும் அப்போதே முடிவாகிவிட்டன. புதிதாக எதுவும் வெளியிலிருந்து வந்து சேர்வதில்லை.

நகர்த்துவதும் எக்ஸ்ஓஆர் செய்வதும் பின்னோக்கியும் போகக்கூடிய எளிய கணக்குகள். ஆகவே அடுத்தடுத்து வந்த நாலைந்து மதிப்புகள் கிடைத்தால் போதும். சமன்பாடுகளைத் தீர்க்கும் இலவச மென்பொருள் ஒன்றில் அவற்றைக் கொடுத்தால், உள்ளே இருந்த அந்த இரண்டு எண்களையும் சாதாரண மடிக்கணினியே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். வி8 ஒரே நேரத்தில் 64 மதிப்புகளை முன்கூட்டியே உண்டாக்கி வைத்துக்கொண்டு கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது என்ற ஒரு சிக்கல் உண்டு. அதைத் தெரிந்தவருக்கு அதுவும் தடையில்லை. இரண்டு எண்களும் கிடைத்துவிட்டால் இனி வரப்போவதும் தெரியும், ஏற்கெனவே போனதும் தெரியும்.

இதை வி8-இன் குறையாகச் சொல்லக் கூடாது. மேத்.ரேண்டம் வேகத்துக்காகவும் சீரான பரவலுக்காகவும் செய்யப்பட்டது. புதிய முறைக்கு மாறியபோதே, இது ரகசிய வேலைகளுக்கு ஏற்றதல்ல என்று வி8 குழுவினர் தெளிவாக எழுதினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வரையறையும் அந்த உறுதியை எங்குமே தரவில்லை. தராத உறுதியை நாமாக எதிர்பார்த்தால் அது நம் பிழை.

அந்த ஒற்றை வரியில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. நீளம் நிலையாக இருக்காது. 0.5 என்ற மதிப்பு வந்தால், 36 அடிமானத்தில் அது புள்ளிக்குப் பின் ஒரே ஓர் எழுத்து. 0 வந்தால் வெட்டியபின் எதுவுமே மிஞ்சாது. அபூர்வம்தான், ஆனாலும் காலியான டோக்கனை ஏற்றுக்கொள்ளும் ஒரு சர்வரை நினைத்துப் பாருங்கள்.

"சரி, நான் அதை ஹேஷ் செய்துவிடுகிறேன்" என்பார்கள் சிலர். ஹேஷ் என்பது எந்த உள்ளீட்டையும் நிலையான நீளமுள்ள ஒரு சரமாக மாற்றும் கணக்கு. நேரத்தை மில்லிவினாடியில் எடுத்து அதை எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் வழியாகக் கடத்தினால் 64 எழுத்தில் கம்பீரமான ஒரு சரம் கிடைக்கும். ஆனால் ஹேஷ் புதிதாக எந்த ரகசியத்தையும் சேர்ப்பதில்லை. உள்ளே போனது ஊகிக்கக்கூடியது என்றால் வெளியே வருவதும் ஊகிக்கக்கூடியதே. ஒரு முழு நாளில் இருப்பது 8,64,00,000 மில்லிவினாடிகள்தான். அத்தனைக்கும் ஹேஷ் போட்டுப் பார்க்க ஒரு சாதாரணக் கணினிக்குச் சில நிமிடங்கள் கூடப் பெரிது. அதுவும் முழு நாளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. சர்வர் அனுப்பும் ஹெச்டிடிபி பதிலிலேயே தேதியும் நேரமும் வினாடி வரை எழுதியிருக்கும். மிஞ்சுவது ஆயிரம் மில்லிவினாடிகள், ஆயிரம் முயற்சிகள். யூசர் ஐடியைச் சேர்ப்பது, பிராசஸ் எண்ணைச் சேர்ப்பது, இரண்டு மேத்.ரேண்டம் மதிப்புகளை ஒட்டுவது எல்லாமே இதே வகை.

நல்ல ரேண்டம் எங்கிருந்து வருகிறது

கணினி ஒரு கணக்கு இயந்திரம். அதே உள்ளீட்டுக்கு அதே விடையைத் தருவதுதான் அதன் வேலை. அப்படியிருக்க, ஊகிக்க முடியாத ஒன்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? வெளியிலிருந்துதான். இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் எப்போதும் சிறு சிறு நிகழ்வுகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறது: நெட்வொர்க் கார்டிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் வரும் இன்டரப்ட்கள் (உடனே கவனிக்கச் சொல்லும் சமிக்ஞைகள்) எந்த நுண்வினாடியில் வந்தன, பிராசஸரிலேயே உள்ள ரேண்டம் கருவி என்ன தந்தது என்பது போன்றவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இருக்கும் நிச்சயமின்மை சொற்பம். எல்லாவற்றையும் கலந்து சேர்த்துக்கொண்டே போனால், வெளியிலிருந்து யாராலும் திரும்பச் செய்து பார்க்க முடியாத ஒரு தொடக்க மதிப்பு கிடைக்கிறது. இதை விதை என்று வைத்துக்கொள்வோம்.

அந்த விதையிலிருந்து நிறைய மதிப்புகளை விரித்தெடுக்க ஒரு முறை வேண்டும். இங்கேதான் எக்ஸ்ஓஆர்ஷிஃப்ட் போன்றவற்றுக்கும் ரகசியத்துக்காகச் செய்யப்பட்டவற்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். லினக்ஸ் கெர்னல் 2016-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து சாச்சா20 என்ற குறியாக்க முறையைப் பயன்படுத்துகிறது. வெளியே வந்த மதிப்புகளை எவ்வளவு சேர்த்து வைத்தாலும் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க, அந்தக் குறியாக்கத்தையே உடைக்க வேண்டும். அது இதுவரை யாராலும் முடியவில்லை. இன்னொரு நல்ல குணமும் உண்டு: மதிப்பைக் கொடுத்த கையோடு அது தன் உள்நிலையை மாற்றிக்கொள்ளும். நாளைக்கே யாராவது அந்த நினைவகத்தைப் படித்துவிட்டாலும், நேற்று கொடுத்த மதிப்புகளை அதிலிருந்து மீட்டெடுக்க முடியாது. புதிய விதையும் அவ்வப்போது வந்து கலந்துகொண்டே இருக்கும்.

நோட் இதை நேராகக் கேட்பதில்லை. நடுவே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் இயங்குதளத்திடம் விதையை வாங்கிக்கொண்டு, ஏஇஎஸ்-256 குறியாக்கத்தை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்த ஜெனரேட்டரை ஓட்டுகிறது. நீங்கள் நோட்டின் கிரிப்டோ மாட்யூலில் கேட்பது அதன் வழியாக வருகிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் எதில் ஓடினாலும் உங்கள் நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

விதை எவ்வளவு முக்கியம் என்பதை டெபியன் லினக்ஸின் அனுபவத்தைவிட நன்றாகச் சொல்லும் கதை கிடையாது. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியதால் சில வரிகள் நீக்கப்பட்டன. விதையில் நிச்சயமின்மையைக் கலந்த வரிகளே அவை. மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும். அது வழக்கமாக 32,768-க்குள் அடங்கிவிடும். 2008 மே மாதம் இது வெளியே தெரியும்வரை, டெபியனிலும் அதை ஒட்டி வந்த உபுண்டுவிலும் உருவான சாவிகள் அந்தச் சிறிய பட்டியலுக்குள்ளேயே இருந்தன. குறியாக்க முறை எதுவும் பழுதாகவில்லை. சாவிகள் பார்வைக்கும் தாறுமாறாகவே இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒருவரால் முடிந்தது. அதற்கும் முன்பு, 1995-இல், நெட்ஸ்கேப் பிரவுசரும் நேரத்தையும் பிராசஸ் எண்களையும் விதையாக எடுத்து இதே குழியில் விழுந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இரு மாணவர்கள்.

ரேண்டம்பைட்ஸ்: முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்

நோட்டில் வேலைக்கு ஆகும் கருவிகள் மூன்று நான்கு இருந்தாலும், பெரும்பாலான நேரம் உங்களுக்குத் தேவைப்படுவது ரேண்டம்பைட்ஸ் ஒன்றே. கிரிப்டோ மாட்யூலை இறக்குமதி செய்து, ரேண்டம்பைட்ஸ் ஃபங்ஷனுக்கு எத்தனை பைட் வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், அத்தனை பைட்கள் கொண்ட ஒரு பஃபர், அதாவது பைட்களின் வரிசை, திரும்பி வரும்.

எத்தனை கேட்பது? ஒரு பைட் என்றால் 8 பிட். 16 பைட் கேட்டால் 128 பிட். சாத்தியமான மதிப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கத்தில் ஓர் எண். வினாடிக்கு லட்சம் கோடி வீதம் ஒருவர் முயன்றுகொண்டே இருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறக்குறைய லட்சம் கோடி கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். ஆக 16 பைட் போதும். நான் 32 பைட் கேட்பதையே விரும்புகிறேன். கூடுதல் செலவு ஏதும் இல்லை, அப்புறம் யாரும் வந்து நீளத்தைப் பற்றி விவாதிக்கவும் வேண்டியதில்லை.

பஃபரை அப்படியே இணைப்பில் வைக்க முடியாது, எழுத்தாக மாற்ற வேண்டும். இந்த இடத்தில் தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். டூஸ்ட்ரிங் என்று வெறுமனே அழைத்தால் நோட் அந்தப் பைட்களை யுடிஎஃப்-8 உரையாகப் படிக்கப் பார்க்கும். ரேண்டம் பைட்களில் ஏறக்குறைய பாதி செல்லுபடியாகும் யுடிஎஃப்-8 ஆக இருக்காது. அவற்றையெல்லாம் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி இருக்குமே, அந்த ஒரே குறியாக மாற்றிவிடும். எவ்வளவோ வேறுபட்ட பைட்கள் ஒரே குறியாகிவிடுவதால் நீங்கள் கேட்டு வாங்கிய ரகசியத்தின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துபோகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஹெக்ஸ் (16 அடிமான எழுத்து) என்று சொல்லி மாற்றினால் 32 பைட்டுக்கு 64 எழுத்துகள் வரும். பேஸ்64 (64 குறிகளில் எழுதும் முறை) என்றால் 44. ஆனால் பேஸ்64-இல் கூட்டல் குறியும் சாய்கோடும் சமக்குறியும் வரும். இணைய முகவரியில் அவற்றுக்கெல்லாம் வேறு வேலை இருக்கிறது, ஆகவே டோக்கன் வழியில் சிதைந்துபோகும். பேஸ்64யூஆர்எல் என்ற வடிவம் அந்தக் குறிகளைத் தவிர்த்து 43 எழுத்தில் தருகிறது. நோட் 15.7-இலிருந்து, பழைய வரிசையில் 14.18-இலிருந்து, இது உள்ளேயே வருகிறது. இணைப்புகளுக்கு இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டோக்கன் நீளமாகத் தெரிகிறது என்று வெட்டுகிறவர்கள் எழுத்துகளை எண்ணக் கூடாது, பிட்களை எண்ண வேண்டும். ஹெக்ஸில் ஓர் எழுத்துக்கு 4 பிட், பேஸ்64-இல் 6 பிட். ஹெக்ஸ் சரத்தின் முதல் 10 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் உங்களிடம் இருப்பது 40 பிட். 256 பிட் கேட்டு வாங்கியதன் பயன் போய்விட்டது.

கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்க வேண்டிய ஃபங்ஷன்) எதுவும் தராமல் அழைத்தால் ரேண்டம்பைட்ஸ் அந்த இடத்திலேயே வேலையை முடித்துத் திரும்பும். சில பத்து பைட்களுக்கு அது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு, கவலை வேண்டாம். மிகப் பெரிய அளவில் கேட்கிறீர்கள் என்றால் கால்பேக்கோடு அழையுங்கள். வேலை பின்னணித் த்ரெட்டுக்குப் போய்விடும், மற்ற கோரிக்கைகள் காத்திருக்காது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கிரிப்டோ அழைப்பை ட்ரை-கேட்ச்சுக்குள் போட்டு, பிழை வந்தால் மேத்.ரேண்டத்துக்குப் போ என்று எழுதாதீர்கள். பார்க்கப் பொறுப்பான நிரல் போல இருக்கும். ஆனால் கிரிப்டோ கிடைக்காத நாளில் சர்வர் சத்தமில்லாமல் ஊகிக்கக்கூடிய டோக்கன்களைக் கொடுக்கத் தொடங்கும், யாருக்கும் தெரியாது. ரேண்டம் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோரிக்கை தோற்றுப்போவதே சரி.

எண் வேண்டும் என்றால் ரேண்டம்இன்ட்

கைபேசிக்கு அனுப்பும் 6 இலக்க ஓடிபி போன்றவற்றுக்கு பைட்கள் போதாது, ஒரு வரம்புக்குள் முழு எண் வேண்டும். இங்கே பலரும் ஒரு பைட்டை எடுத்து 10-ஆல் வகுத்து மீதியை இலக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ரேண்டம்தானே, இதில் என்ன தவறு?

எண்ணிப் பாருங்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள். 256, 10-ஆல் மீதியின்றி வகுபடாது, 6 மிஞ்சும். ஆகவே 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் 26 வழிகளில் வரும், 6 முதல் 9 வரை 25 வழிகளில்தான் வரும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம் என 62 குறிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது சாய்வு இன்னும் கூடும். முதல் 8 குறிகளுக்கு 5 வழிகள், மற்ற 54 குறிகளுக்கு 4 வழிகள். அந்த எட்டும் மற்றவற்றைவிடக் கால் பங்கு அதிகமாக வரும். இந்தச் சாய்வால் மட்டும் நீளமான டோக்கன் உடைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் குறுகிய குறியீடுகளில் தாக்குபவர் எதை முதலில் முயல வேண்டும் என்ற குறிப்பை நாமே கொடுத்தது போல் ஆகும்.

தீர்வு எளிது. 62 குறிகள் என்றால் 0 முதல் 247 வரை வரும் பைட்களை மட்டும் ஏற்றுக்கொண்டு, 248-உம் அதற்கு மேலும் வந்தால் தூக்கிப்போட்டு வேறு பைட் கேட்க வேண்டும். 248 என்பது 62-இன் நான்கு மடங்கு, ஆகவே எல்லாக் குறிக்கும் சம வாய்ப்பு. இதை நீங்களே எழுத வேண்டாம். ரேண்டம்இன்ட் உள்ளுக்குள் இதைத்தான் செய்கிறது. நோட் 14.10-இலும் 12.19-இலும் வந்து சேர்ந்தது. கீழ் வரம்பு, மேல் வரம்பு இரண்டையும் கொடுக்கலாம்; கீழ் வரம்பைத் தராவிட்டால் அது 0. கீழ் வரம்பு சேரும், மேல் வரம்பு சேராது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2-இன் 48-ஆம் அடுக்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்டுப்பாடு.

6 இலக்க ஓடிபிக்கு 0, 10,00,000 என்று வரம்பு கொடுத்து, வந்த எண்ணைச் சரமாக்கி, 6 இலக்கம் ஆகும்வரை முன்னால் சுழியம் சேர்த்துவிடுங்கள். சுழியத்தில் தொடங்கும் ஓடிபி வேண்டாம் என்று 1,00,000-இலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. பத்தில் ஒரு பங்கு வாய்ப்புகள் போகும், பெரிய நட்டம் இல்லை.

ஓடிபியைப் பற்றி இதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது: எவ்வளவு நல்ல ரேண்டமாக இருந்தாலும் 6 இலக்கத்தில் இருப்பது 10 லட்சம் வாய்ப்புகள்தான், சுமார் 20 பிட். ஒரு ஸ்கிரிப்ட் அதைச் சீக்கிரம் முடித்துவிடும். ஓடிபியைக் காப்பாற்றுவது முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வைக்கும் வரம்பும் குறைந்த ஆயுளும். 5 முறைக்கு மேல் தவறினால் ரத்து என்று வைத்தால், ஊகித்து ஜெயிக்கும் வாய்ப்பு 2 லட்சத்தில் 1. அந்த வரம்பு இல்லாமல் ரேண்டம்இன்ட்டை மட்டும் நம்புவது, பூட்டைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டுக் கதவைத் திறந்து போடுவது.

பட்டியலைக் குலுக்கவும் ரேண்டம்இன்ட் உதவும். ஒப்பிடும் ஃபங்ஷனில் மேத்.ரேண்டத்திலிருந்து பாதியைக் கழித்து சார்ட் செய்யும் குறுக்குவழி, எல்லா வரிசைக்கும் சம வாய்ப்புத் தராது. கடைசி உறுப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் தனக்கு முன்னால் உள்ளவற்றிலோ தன்னிலோ ரேண்டம்இன்ட் சொல்லும் ஒன்றோடு இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். பரிசுக் குலுக்கல் போன்றவற்றில் இது கட்டாயம்.

யூயூஐடி, வெப் கிரிப்டோ

ரேண்டம்யூயூஐடி, நோட் 14.17-இலும் 15.6-இலும் வந்தது. யூயூஐடி என்பது எதற்கும் தனித்த அடையாளமாக வைக்கும் எண்; இது தருவது அதன் நான்காம் வகை: 128 பிட்டில் 6 பிட் வகையைக் குறிக்கப் போய்விடும், மிச்சம் 122 பிட் ரேண்டம். டேட்டாபேஸ் வரிசைக்கு அடையாளம், கோப்புப் பெயர் ஆகியவற்றுக்கு அருமையானது. நோட்டில் இது கிரிப்டோ மாட்யூலிலிருந்தே வருவதால் ஊகிக்க முடியாது என்பதும் சரிதான். ஆனாலும் ரகசிய டோக்கனுக்கு இதைப் பயன்படுத்தும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. யூயூஐடி என்றால் எல்லோரும் அடையாளம் என்றே நினைப்பார்கள். பதிவேட்டில் எழுதுவார்கள், திரையில் காட்டுவார்கள். இன்னொருவர் வந்து வேகத்துக்காக ஏழாம் வகைக்கு மாற்றுவார். அதன் முன்பகுதி முழுக்க நேரம். யூயூஐடியின் 2005-ஆம் ஆண்டு வரையறையே, அவற்றை ஊகிக்கக் கடினமானவை என்று நம்பிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது.

பிரவுசரிலும் சர்வரிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்றால் வெப் கிரிப்டோவின் கெட்ரேண்டம்வேல்யூஸ் இருக்கிறது. நோட் 19-இலிருந்து எதையும் இறக்குமதி செய்யாமலே கிடைக்கும். ஒரே அழைப்பில் 65,536 பைட்டுக்கு மேல் கேட்டால் பிழை தரும்.

"இது ரகசியம் இல்லையே" என்னும் இடங்கள்

மேத்.ரேண்டம் எங்கேயும் கூடாதா என்றால், அப்படி இல்லை. விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் நகர்கிறான், ஆயிரம் பதிவுகளில் எந்தப் பத்தை மாதிரிக்கு எடுக்கலாம், தோற்ற கோரிக்கையை எத்தனை மில்லிவினாடி கழித்து மறுபடி முயலலாம், இவற்றுக்கெல்லாம் அது போதும்.

ஆனால் 2025-இல் நோட் உலகில் வெளிவந்த இரண்டு ஓட்டைகள் இந்த எல்லைக்கோடு எவ்வளவு வழுக்கலானது என்று காட்டின. ஒன்று அன்டிசி என்ற நூலகத்தில். நோட்டுக்குள்ளேயே வரும் ஃபெட்ச் அதன்மேல்தான் நிற்கிறது. மற்றது ஃபார்ம்-டேட்டா என்ற பரவலான தொகுப்பில். இரண்டிலும் பிரச்சினை ஒன்றே. ஒரு படிவத்தைப் பல பகுதிகளாக அனுப்பும்போது பகுதிகளைப் பிரிக்க ஒரு எல்லைச் சரம் வேண்டும், அதை மேத்.ரேண்டத்தில் எடுத்தார்கள். எல்லைச் சரம் ரகசியம் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அடுத்த எல்லைச் சரம் இதுதான் என்று தெரிந்த ஒருவர், தான் நிரப்பும் கட்டத்துக்குள்ளேயே அதை எழுதி, சர்வர் அனுப்பும் கோரிக்கையில் இல்லாத புதிய புலங்களைப் புகுத்திவிட முடியும்.

அவருக்கு முந்தைய மதிப்புகள் எங்கிருந்து கிடைக்கும்? அதே சர்வர் வேறு எங்கோ, ஒவ்வொரு பதிலோடும் அனுப்பும் கோரிக்கை எண்ணை மேத்.ரேண்டத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தால் போதும். ஒரு பிராசஸுக்குள் சாதாரணமாக எல்லா மேத்.ரேண்டம் அழைப்புகளும் ஒரே தொடரிலிருந்து எடுக்கின்றன. ஓரிடத்தில் வெளியே விட்ட தீங்கற்ற எண், இன்னோரிடத்தில் இருக்கும் தீங்கற்றதல்லாத எண்ணைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் என் கருத்து இதுதான்: சர்வர் நிரலில், ஒரு மதிப்பு ரகசியமா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். வேகம் உண்மையிலேயே இடித்தால் ஒழிய கிரிப்டோவையே கூப்பிடுங்கள்.

உருவாக்கிய பிறகு

நல்ல டோக்கனை உருவாக்கிவிட்டு டேட்டாபேஸில் அப்படியே சேமித்தால், டேட்டாபேஸின் நகல் ஒன்று வெளியே போகும் நாளில் உயிரோடு இருக்கும் எல்லா டோக்கனும் போய்விடும். எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை மட்டும் சேமியுங்கள். பயனர் டோக்கனோடு வரும்போது அதை ஹேஷ் செய்து தேடுங்கள். பாஸ்வேர்டுக்கு இந்த வேகமான ஹேஷ் போதாது, எஸ்கிரிப்ட் போன்ற மெதுவான ஒன்று வேண்டும். பாஸ்வேர்டை மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஊகிக்க முடியும். 256 பிட் ரேண்டத்தை ஹேஷிலிருந்து ஊகிக்க வழியில்லை, ஆகவே இங்கே வேகமான ஹேஷ் தாராளமாகப் போதும்.

இரண்டு ரகசியங்களை நிரலில் நேரடியாக ஒப்பிட வேண்டி வந்தால் சமக்குறிகளை விட்டுவிட்டு டைமிங்சேஃப்ஈக்வல் பயன்படுத்துங்கள். சாதாரண ஒப்பீடு முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடும். எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதே ஒரு தகவல். இரண்டு பஃபர்களின் நீளம் வேறாக இருந்தால் இந்த ஃபங்ஷன் பிழை எறியும், ஆகவே நீளத்தை முதலில் பாருங்கள்.

குக்கியிலும் ஜேடபிள்யூடியிலும் (கையெழுத்திட்டு அனுப்பும் ஒரு வகை டோக்கன்) கையெழுத்திடும் சாவியும் இதே ரேண்டம்பைட்ஸில் பிறக்க வேண்டியதுதான். நினைவில் நிற்கும் ஒரு சொற்றொடரை அங்கே வைத்தால், தாக்குபவர் தன் கணினியில் உட்கார்ந்தபடியே சொற்பட்டியலை ஓட்டிக் கண்டுபிடித்துவிடுவார். 32 பைட் ஒரு முறை உருவாக்கி, சூழல் மாறியிலோ ரகசியங்களுக்கான பெட்டகத்திலோ வையுங்கள். சர்வர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால், மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். ஏஇஎஸ்-ஜிசிஎம் குறியாக்கத்துக்கு வேண்டிய 12 பைட் தொடக்க மதிப்பு இதற்கு நேர்மாறு: ஒவ்வொரு செய்திக்கும் புதிது, ஒரே சாவியோடு ஒருபோதும் இரண்டாம் முறை வரக் கூடாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்ட் என்றால், நிரல் முழுவதும் மேத்.ரேண்டம் என்று தேடிப் பாருங்கள். வருகிற ஒவ்வொரு இடத்தையும் மாற்றியபின், நிரலைச் சரிபார்க்கும் இஎஸ்லின்ட் கருவியில் நோ-ரெஸ்ட்ரிக்டட்-ப்ராப்பர்ட்டீஸ் என்ற விதியை இயக்கி அதில் மேத்.ரேண்டத்தைச் சேர்த்துவிட்டால், நாளை யாராவது அந்தப் பழைய ஒற்றை வரியை ஒட்டும்போது அங்கேயே சிவப்புக் கோடு விழும்.